நாற்பதாயிரமா, ஒன்றே முக்கால் லட்சமா?
மகளுக்கு லேப்டாப் தேடி லேமிங்டன் ரோட்டில் ஒரு தந்தை

மும்பை கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் லேமிங்டன் ரோடு வந்துவிடும். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. டாக்சிக்காரருக்கும் சுமை தூக்குவோருக்கும் அது இன்றைக்கும் லேமிங்டன் ரோடுதான். ஒரு காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பெயர் போன தெரு. இப்போது எங்கு திரும்பினாலும் கம்ப்யூட்டர்.

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை பிற்பகல். சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு காகிதத்துடன் அந்தத் தெருவில் இறங்கினார் ஒரு தந்தை. கூடவே அவருடைய மகள்.

அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மும்பைக்கு வந்து 26 ஆண்டுகள். தாராவி தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் வீடு. மஸ்ஜித் பந்தரில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கு எழுதுகிறார். மாதச் சம்பளம் 34 ஆயிரம் ரூபாய். மகளுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு. அந்தக் குடும்பத்தில் பட்டப் படிப்புக்குப் போகும் முதல் ஆள் அவள்தான்.

பையிலிருந்த காகிதம் கல்லூரியில் கொடுத்தது. "மாணவர் வைத்திருக்க வேண்டிய பொருள்கள்" என்று தலைப்பு. வரைபலகை, டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், கட்டர் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் லேப்டாப் என்று இருந்தது. "ஐ7 அல்லது அதற்குச் சமமான பிராசசர், 16 ஜிபி மெமரி, தனி கிராபிக்ஸ் கார்டு. இயன்றால் ஒர்க்ஸ்டேஷன் ரகம்."

இந்தக் கடைசி வரிதான் வீட்டில் ஒரு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

தலை சுற்றியது

முதல் கடையில் காட்டிய லேப்டாப் 42 ஆயிரம் ரூபாய். அடுத்த கடையில் ஒர்க்ஸ்டேஷன் என்று சொல்லிக் காட்டியது ஒரு லட்சத்து 75 ஆயிரம். இரண்டும் கறுப்பு நிறம். இரண்டையும் விரித்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இரண்டிலும் அதே விண்டோஸ். அப்படியானால் நடுவில் இருக்கிற ஒரு லட்சத்து 33 ஆயிரம் ரூபாய் எதற்கு?

கடைக்காரர் இந்தியில் மளமளவென்று சொன்னார். கோர், த்ரெட், கேஷ், டிடிஆர்5 என்று வார்த்தைகள் வந்து விழுந்தன. தந்தை தலையை ஆட்டினார். ஒன்றும் விளங்கவில்லை. "எட்டு மணிக்குள்ள சொல்லுங்க, திங்கட்கிழமை விலை ஏறிடும்" என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

அந்தப் பேச்சில் பாதி வியாபாரம், பாதி உண்மை. 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மெமரி சிப்புகளின் விலை உலகச் சந்தையில் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கம்ப்யூட்டர் மையங்கள் மெமரியை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொண்டு போவதுதான் காரணம். ஆனாலும் சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் சேமிப்பை முடிவு செய்யச் சொல்லும் கடையில் அன்றைக்கு வாங்காமல் வருவதே நல்லது. தந்தையும் அதைத்தான் செய்தார். இரண்டு கடைகளின் விலைச் சீட்டையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார்.

மாஹிம் வரை ரயிலில் மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சீட்டுப் பணமும் நகையும்

பணம் இல்லாமல் இல்லை. ஒரு லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் சீட்டு அப்போதுதான் விழுந்திருந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. மனைவியின் ஐந்து பவுன் நகை நகைக்கடன் கம்பெனியில் இருக்கிறது. இரண்டு ரசீது. ஒன்றில் 1 லட்சத்து 20 ஆயிரம், மற்றொன்றில் 50 ஆயிரம். ஊரில் வீட்டுக் கூரையை மாற்றிக் கான்கிரீட் போட்டபோது வைத்தது. மொத்தம் 1 லட்சத்து 70 ஆயிரம். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். சீட்டு விழுந்ததும் மீட்டுவிடுவது என்று பேச்சு.

"நகை எங்கயும் ஓடிப்போகாது. புள்ளைக்கு வேண்டியத வாங்குங்க" என்று மனைவி சொன்னார். சொன்ன மாதிரியே சமையலறைக்குள் போய்விட்டார். அந்தப் பேச்சின் விலை அவருக்குத் தெரியும்.

கணக்கு எழுதுகிறவர் அல்லவா, அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒர்க்ஸ்டேஷன் வாங்கினால் நகை அங்கேயே கிடக்கும். வட்டி மாதம் 1,700 ரூபாய். வருடத்துக்கு 20,400. இரண்டு வருடத்தில் 40,800. அதாவது முதல் கடையில் பார்த்த சின்ன லேப்டாப்பின் விலை ஏறக்குறைய வட்டியாகவே போய்விடும். கடையில் ஒட்டியிருக்கிற விலையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எந்தப் பணத்தில் வாங்குகிறோம் என்பதும் விலைதான்.

தவணைத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். கடை வாசலில் "வட்டியில்லாத் தவணை" என்று பெரிதாக எழுதியிருந்தது. 2013-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்யம் சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி எங்கோ ஓர் இடத்தில் ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காது. அல்லது செயல்பாட்டுக் கட்டணம் என்று முன்னால் பிடிப்பார்கள். கிரெடிட் கார்டுத் தவணையானால் வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. ரொக்க விலை என்ன, தவணையில் கடைசி ரூபாய் வரை கட்டினால் என்ன என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொன்னால் பூனை வெளியே வந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் தபால் இலாகாவில் இருக்கிறார். அவருக்கு வேறு வழி உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்க முன்பணம் கொடுக்கும் விதி ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகும் நீடிக்கிறது. 50 ஆயிரம் ரூபாய் அல்லது வாங்கும் விலை, எது குறைவோ அது. வட்டி உண்டு. பணிக்காலம் முழுவதிலும் ஐந்து முறை வரை வாங்கலாம். ரயில்வேயிலும் தபாலிலும் இருக்கும் நம்மவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. வீடு கட்டும் முன்பணத்தைப் பற்றித் தெரிந்தவருக்குக் கூட இது தெரிவதில்லை.

தனியார் ஆபீஸ் ஊழியரான இந்தத் தந்தைக்கு அந்த வழி இல்லை. கல்விக் கடன் வாங்கியிருக்கிறார். படிப்புக்கு அவசியமான கம்ப்யூட்டரையும் கல்விக் கடனில் சேர்க்க வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடம் உண்டு. கடையின் கொட்டேஷனை இணைத்துக் கேட்க வேண்டும். மகள் தலையில் மேலும் கடன் ஏற்ற மனமில்லை என்று இவர் விட்டுவிட்டார். அது அவர் மனசு. நகைக்கடன் வட்டியைவிடக் கல்விக் கடன் வட்டி குறைவாக இருக்குமானால் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கோவில்பட்டியில் இவருடைய அக்காள் மகனுக்கு இந்தத் தொல்லையே இருக்கவில்லை. 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அவனுக்கும் ஒன்று கிடைத்தது. "நாம ஊர்ல இருந்திருந்தா..." என்று மகள் ஒரு தடவை ஆரம்பித்தாள். தந்தை பதில் சொல்லவில்லை.

உள்ளே என்னதான் இருக்கிறது?

மறு வாரம் அவர் பிடித்தது ஒரு தமிழ்ப் பையனை. நாங்குநேரிக்காரன். லேமிங்டன் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உள்ள ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். விற்பனை அவன் வேலை இல்லை. அதனால் பேச்சில் அவசரம் இல்லை.

"அண்ணாச்சி, உங்க டிரான்ஸ்போர்ட் ஆபீஸையே எடுத்துக்கோங்க" என்று ஆரம்பித்தான். குடோன் என்பது எஸ்எஸ்டி. பொருள் முழுவதும் அங்கே இருக்கும். மெமரி என்பது மேஜை. குடோனிலிருந்து எடுத்து வந்து பிரித்துப் போட்டு வேலை பார்க்கிற இடம். பிராசசர் என்பது வேலை பார்க்கிற குமாஸ்தா. மேஜை சின்னதாக இருந்தால் எத்தனை கெட்டிக்கார குமாஸ்தாவானாலும் குடோனுக்கும் மேஜைக்கும் நடந்தே சாக வேண்டியதுதான். லேப்டாப் "தொங்குகிறது" என்று ஜனங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த மேஜைக் கோளாறுதான். 8 ஜிபி வைத்துக்கொண்டு படம் வரைகிற வேலைக்குப் போகக் கூடாது. 16 வேண்டும். மெமரியை சர்க்யூட் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த மாடல்கள் மலிவு ரகத்தில் நிறைய வருகின்றன. அவற்றில் பின்னால் மேஜையை நீட்ட வழியே கிடையாது.

பிராசசர் விஷயத்தில்தான் காகிதம் ஏமாற்றுகிறது. ஐ7 என்று மட்டும் எழுதினால் போதாது. இன்டெல் தன் புதிய வரிசைகளில் "ஐ" என்ற எழுத்தையே விட்டுவிட்டது. பெயரின் கடைசியில் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். "யு" என்றால் 15 வாட் அளவில் சிக்கனமாக ஓடுவது. பேட்டரி நிற்கும், மெலிந்த உடம்பு. "எச்" என்றால் 45 வாட். "எச்எக்ஸ்" என்றால் 55. பழைய ஐ7 யு ஒன்றைவிடப் புதிய ஐ5 எச் வேகமாக ஓடும். காகிதத்தை மட்டும் நம்பிப் போகிறவர் கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்கி வரவும் கூடும்.

தாராவி வீடுகளுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. தகரக் கூரைக்கு அடியில் மே மாதத்து மத்தியானம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மலிவு ரகத்தில் ஒரு சின்ன விசிறி. கனமான வேலையைக் கொடுத்தால் முதல் சில நிமிடம் ஓடும், பிறகு நடக்கும். ஒர்க்ஸ்டேஷனில் பெரிய விசிறிகள், தாமிரக் குழாய்கள், கனத்த உடம்பு. முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட வேண்டும் என்றே செய்யப்பட்டது. அந்த விலையில் ஒரு பங்கு இதற்குத்தான்.

இன்னொரு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. விளையாட்டுக்கென வரும் ஜிஃபோர்ஸ் கார்டும் ஒர்க்ஸ்டேஷனில் வரும் தொழில்முறைக் கார்டும் சிப்பளவில் உறவுக்காரர்களே. வித்தியாசம் டிரைவரிலும் சான்றிதழிலும் இருக்கிறது. சாலிட்ஒர்க்ஸ், ஆட்டோடெஸ்க் போன்ற சாஃப்ட்வேர் கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களைச் சோதித்துப் பார்த்து, இதில் எங்கள் சாஃப்ட்வேர் சரியாக ஓடும் என்று பட்டியல் வெளியிடுகின்றன. டெல்லின் பிரிசிஷன், எச்பியின் இசட்புக், லெனோவாவின் திங்க்பேட் பி வரிசை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிறவை. பிரிசிஷன் என்ற பெயரை 2025-இல் டெல் புரோ மேக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். பெயர் புதிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். சில மாடல்களில் மெமரியில் நேரும் சிறு பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. உத்தரவாதமும் பெரும்பாலும் மூன்று வருடம், ஆளே வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

"எல்லாம் நல்லதுதான். ஆனா பாப்பாவுக்கு வேணுமான்னுதான் கேள்வி" என்றான் பையன்.

வேண்டியவர்களும் வேண்டாதவர்களும்

வேண்டியவர்கள் உண்டு. கல்வாவில் ஒரு தூத்துக்குடி இளைஞர் இருக்கிறார். பகலில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். இரவில் வீட்டிலிருந்தே இயந்திரப் பாகங்களின் வரைபடம் ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்கிறார். 40 ஆயிரம் ரூபாய் லேப்டாப்பில்தான் ஆரம்பித்தார். தனித்தனிப் பாகம் வரைகிற வரையில் குறையில்லை. நூற்றுக்கணக்கான பாகங்கள் சேர்ந்த அசெம்பிளி வந்தபோது ஃபைல் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு, காலையில் அனுப்ப வேண்டிய வேலை பாதியில் நின்று லேப்டாப் தானே அணைந்துவிட்டது. அந்த ஆர்டர் போயிற்று. அதைக் கொடுத்தவர் மறுபடி கூப்பிடவே இல்லை. அவர் பிறகு பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை 70 ஆயிரத்துக்கு வாங்கினார். லேப்டாப்பே சோறு போடுகிறபோது அதில் கஞ்சத்தனம் ஆகாது.

வேண்டாதவரும் உண்டு. டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிற ஒரு கணக்காளர். வேலை டாலியும் எக்செல்லும். யாரோ சொன்னார்கள் என்று ஒர்க்ஸ்டேஷன் வாங்கினார். இரண்டரைக் கிலோ. சார்ஜர் தனியே முக்கால் கிலோ, செங்கல் மாதிரி. காலை எட்டு மணி ஃபாஸ்ட் லோக்கலில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். டாலி இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. இப்போது அந்த ஒர்க்ஸ்டேஷன் வீட்டில் மேஜையை விட்டு நகருவதில்லை. ஆபீசுக்கு வேறொன்று வாங்கிவிட்டார்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் நடுவில் நிற்கிறார்கள். 4கே படத்தை வெட்டி ஒட்ட மலிவு லேப்டாப் திணறும். ஆனால் அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. படத்தின் சிறிய நகலை எடுத்து அதில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் மட்டும் அசலைக் கொண்டு படத்தை வெளியே எடுப்பது. பிராக்சி என்பார்கள். கடைசிக் கட்டம் இரவு முழுவதும் ஓடும். ஓடட்டும். சீசனுக்கு நாலு கல்யாணம் எடுக்கிறவருக்கு இது போதும். வாரம் மூன்று எடுக்கிறவருக்குப் போதாது.

பழையதை வாங்கலாமா?

லேமிங்டன் ரோட்டில் பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துப்போட்ட ஒர்க்ஸ்டேஷன்கள் வந்து குவிகின்றன. புது மலிவு லேப்டாப்பின் விலைக்கே கிடைக்கும். ஆசையைத் தூண்டும். பார்த்து வாங்கினால் நல்ல சரக்குதான். கல்வா இளைஞருடையது இப்படி வந்ததே.

பார்க்காமல் வாங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆறாவது, ஏழாவது தலைமுறைச் சரக்கைப் பளபளவென்று துடைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து, பழைய கம்பெனியின் பூட்டு. பயாஸ் கடவுச்சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸைப் புதிதாக ஏற்றி, இன்டர்நெட்டில் சேர்த்துக் காட்டச் சொல்ல வேண்டும். அப்போது ஏதாவதொரு கம்பெனியின் பெயர் வந்து லாகின் கேட்டால் அதைத் தொடவே வேண்டாம். பேட்டரியின் தேய்மானக் கணக்கை விண்டோஸே எடுத்துக் கொடுக்கும், அதையும் பார்க்க வேண்டும். பில் இல்லாமல் கொடுக்கிறேன், ஜிஎஸ்டி மிச்சம் என்று சொன்னால், மிச்சப்படுவது கடைக்காரருக்கு. நாளைக்குத் தகராறு என்று போனால் கையில் ஒன்றும் இருக்காது.

இந்தத் தந்தை பழையதை யோசித்துப் பார்த்துவிட்டு விட்டார். ரிப்பேர் என்று வந்தால் அலையத் தனக்கு நேரமில்லை, மகளை அலையவிட மனமில்லை என்பது அவர் காரணம்.

கல்லூரியில் கிடைத்த விடை

முடிவு செய்ய உதவியது கடையில்லை. ரிப்பேர் கடைப் பையன் கேட்ட கேள்வியை மகள் பிடித்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போய் நான்காம் வருட மாணவி ஒருத்தியைத் தேடிப்பிடித்து, "அக்கா, முதல் வருஷம் லேப்டாப்புல என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

அந்த மாணவி சிரித்துவிட்டாள். முதல் வருடம் கைதான். பலகையில் தாளை ஒட்டிப் பென்சிலால் கோடு. அட்டையை வெட்டி மாடல். லேப்டாப்பில் கொஞ்சம் ஆட்டோகேட், கொஞ்சம் ஸ்கெட்ச்அப், நிறைய டைப்பிங். இரண்டாம் வருடத்தில்தான் படம் முழுவதும் கம்ப்யூட்டருக்கு வருகிறது. கட்டடத்தை நிஜம் போல வெளிச்சமும் நிழலுமாகக் காட்டுகிற ரெண்டரிங் வேலை மூன்றாம் வருடத்தில் சூடு பிடிக்கும். லூமியன் மாதிரி சாஃப்ட்வேருக்கு அப்போது நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது. அதற்கும் கல்லூரி லேபில் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, கடைசி வாரத்தில்தான் இடம் கிடைக்காது.

ஆட்டோகேடின் சங்கதியும் தெரிந்தது. வரையும்போது அது பெரும்பாலும் பிராசசரின் ஒரே ஒரு கோரைத்தான் பிடித்து வேலை வாங்குகிறது. பதினாறு கோர் இருந்தாலும் கோடு இழுக்கிற வேகம் பதினாறு மடங்கு ஆகிவிடாது. சாஃப்ட்வேருக்குப் பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுக்க வேண்டாம். மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் கம்பெனியே இலவச உரிமம் தருகிறது, வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, இன்றைக்கு ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்து வாங்கினால் அதன் முழு பலம் தேவைப்படுகிற நாளில் அதற்கு வயது இரண்டு ஆகியிருக்கும். மூன்று வருட உத்தரவாதத்தில் இரண்டு வருடம் சும்மா கழிந்திருக்கும்.

கல்லூரி ஆபீசில் மகளே போய்க் கேட்டாள். பட்டியலில் உள்ளது ஐந்து வருடத்துக்கும் சேர்த்துப் போட்டது, முதல் வருடத்துக்குக் கட்டாயம் இல்லை என்று பதில் வந்தது. இதைக் காகிதத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை வீடுகளில் எத்தனை நகைகள் வெளியே வந்திருக்கும்!

மூன்றாவது சனிக்கிழமை

மூன்றாம் தடவை லேமிங்டன் ரோட்டுக்குப் போனபோது தந்தையின் சட்டைப் பையில் வேறு காகிதம் இருந்தது. மகள் எழுதியது. எச் ரகப் பிராசசர். 16 ஜிபி மெமரி ஒரே கார்டாக, பக்கத்து ஸ்லாட் காலியாக. 512 ஜிபி எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் வேண்டாம். திரையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மலிவு ரகத் திரையில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். காலி ஸ்லாட்டில் பிறகு இன்னொரு மெமரி போட்டால் உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸின் வேகமும் சற்றுக் கூடும்.

முதல் கடையின் 42 ஆயிரம் ரூபாய் லேப்டாப் இந்தக் காகிதத்துக்குத் தேறவில்லை. அதில் மெமரி 8 ஜிபி, அதுவும் பற்றவைத்தது. இரண்டாவது கடையில் 63 ஆயிரம் சொன்னார்கள். நான்காவது கடையில் 58 ஆயிரத்துக்குப் படிந்தது. ஜிஎஸ்டி பில்லோடுதான். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணையும், லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணையும், பில்லில் எழுதிய எண்ணையும் மகள் படிக்கத் தந்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். லாரி ரசீது பார்த்துப் பழகிய கண். கடைக்காரர் கொஞ்சம் முறைத்தார். இவர் நிமிரவில்லை.

சீட்டுப் பணத்தில் மிச்சம் 1 லட்சத்து 22 ஆயிரம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கணவனும் மனைவியுமாகப் போய்ப் பெரிய ரசீதை மீட்டார்கள். மாத வட்டி 1,700-இலிருந்து 500 ஆயிற்று. கையில் நின்ற 2 ஆயிரம் டி-ஸ்கொயருக்கும் படத்தாளுக்கும் சரியாகப் போனது. சின்ன ரசீது இன்னும் இருக்கிறது. வட்டியில் மிஞ்சுகிற 1,200 ரூபாயைப் புதுச் சீட்டு ஒன்றில் கட்டி வருகிறார்கள். அது மூன்றாம் வருடத்துக்கு என்று பேச்சு.

கல்லூரி திறந்து இரண்டு மாதம் ஆகிறது. மகள் தரையில் வரைபலகையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மழைக்கால ஈரத்தில் படத்தாள் ஓரம் சுருண்டு சுருண்டு எழுந்துகொள்கிறது. மேல் ஓரத்தில் அம்மாவின் அம்மிக் குழவி. கீழ் ஓரத்தில், பாரத்துக்கு, மூடிய லேப்டாப்.